பீச் ரோட்டில் ஒரு பிரெஞ்சுச் சாப்பாடு

சனிக்கிழமை காலை முத்துநகர் எக்ஸ்பிரஸ் தூத்துக்குடியை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் வெள்ளையாக விரிந்து கிடந்தன. ஸ்டேஷனில் அப்பா காத்துக்கொண்டிருந்தார். என் பையை வாங்குவதற்கு முன்பே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. தேய்த்த முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். வாயில் வெற்றிலை இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பாவை வெற்றிலை இல்லாமல் பார்த்ததில்லை. துறைமுகத்துக்குள் கப்பல்களை இழுத்து வரும் இழுவைப் படகு ஓட்டிய காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, அம்மா இறந்த அன்றும்கூட, கன்னத்தில் ஒரு பக்கம் அடக்கிக்கொண்டுதான் இருப்பார்.

டாக்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, சும்மாதான் விட்டேன் என்றார்.

நான் எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் கணவரும் பெரம்பூரில் மூன்று அறைகள் உள்ள வீட்டுக்கு மாறியிருந்தோம். மூன்றாவது அறை அப்பாவுக்கு. அம்மா போன பிறகு தனியாக இருக்கும் மனிதரை இனியும் அப்படி விடக்கூடாது என்று முடிவுசெய்து, திங்கட்கிழமை மாலை ரயிலுக்கு இரண்டு பேருக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. போனில் எப்போது கூப்பிட்டாலும் "பாப்போம்" என்றுதான் சொல்வார். ஆனால் இந்த முறை நான் வருகிறேன் என்றதும் அவராகவே ஒன்று சொன்னார். சனிக்கிழமை ராத்திரி வெளியே சாப்பிடுகிறோம், பிரெஞ்சு ஓட்டலில். லைன் சரியில்லை என்று நினைத்து நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் பிரெஞ்சு ஓட்டல் என்றுதான் சொன்னார். எங்கள் குடும்பத்தில் ஓட்டல் என்றால் திருச்செந்தூருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சாப்பிடும் இட்லிதான்.

ஸ்டேஷனிலிருந்து பிரையண்ட் நகர் வீட்டுக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். வீடு பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அடுக்களைக்குள் போனதும் குழப்பம் கூடியது. மிளகாய்ப்பொடி டப்பா இருந்த இடத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நின்றன. உள்ளே காய்ந்த இலைகள். ஒன்றைத் திறந்து மோந்தால் ஓமவல்லி மாதிரி இருந்தது, ஓமவல்லி இல்லை. ஃப்ரிட்ஜில் அரைக் கிலோ வெண்ணெய். ஊறுகாய் ஒரு பாட்டில்கூட இல்லை. அப்பாவுக்கு மோர்ச்சோற்றுக்கே இரண்டு வகை ஊறுகாய் வேண்டும்.

துணி காயப்போட மாடிக்குப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நலம் விசாரித்தார். அப்பா இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் குளித்து, சட்டை தேய்த்து, ஐந்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனால் ராத்திரிதான் வருகிறார் என்றார். பீச் ரோட்டுப் பக்கம் பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்கள் என்றும் சொன்னார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிளிப் வேணுமா என்று கேட்டார்.

மத்தியானம் ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம். சாயங்காலம் அப்பா குளித்துவிட்டு வந்து தலை சீவினார். "ஏளா செல்வி, ஏழு மணி வாக்குல ஆட்டோ புடிச்சி வந்துரு. எனக்கு அங்கன கொஞ்சம் வேலை இருக்கு" என்றார். ஓய்வு பெற்று ஒன்பது வருடமான மனிதருக்கு ஒரு ஓட்டலில் என்ன வேலை என்று கேட்பதற்குள் ஸ்கூட்டர் தெருமுனை தாண்டியிருந்தது.

ஏழு மணிக்கு ஆட்டோ. அப்பா ஒரு துண்டுச் சீட்டில் கடைப் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்: லா மேர். அதை வாசித்துக் காட்டியதும் ஆட்டோக்காரர் தலையசைத்துவிட்டு நேராக மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மேயர் இந்நேரம் இருக்க மாட்டாரே என்று அவரே கவலைப்பட்டார். மேயர் இல்லை, மேர், பிரெஞ்சு ஓட்டல் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "கடல் பாத்தாப்ல மாடில இருக்கே, வெண்ணெயா மணக்கும், அதுவா? நம்ம துறைமுகத்து அண்ணாச்சி தினமும் வருவாவளே. மொதல்லயே அப்படிச் சொல்லலாம்லா" என்றார். அந்த அண்ணாச்சிக்கு மகள் நான் என்று சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை.

பீச் ரோட்டில் ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடி. கீழ்த்தளத்தில் லாட்ஜுக்குச் சொந்தமான பார் இருக்கிறது. உரிமம் அதற்குத்தான், ஒயின் அங்கிருந்து படியேறி மேலே வரும். மேலே ஏழு மேசைகள், சாம்பல் நிற மேசைவிரிப்பு, திறந்த ஜன்னல்கள். ஜன்னலுக்கு வெளியே பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகள் விளக்குடன் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் முத்துக்குளிக்கும் படகுகள் கிளம்பிய கடல். இப்போது அந்தக் கடலைப் பார்த்தபடி ஒரு புதுத் தம்பதி கத்தியையும் முள்கரண்டியையும் எந்தக் கையில் பிடிப்பது என்று மெதுவாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அடுக்களைக் கதவை ஒட்டிய மேசையில் உட்கார்ந்திருந்தார். அதுதான் அவருடைய இடம் என்று பார்த்ததுமே தெரிந்தது. யாரும் அவரை என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

அடுக்களையிலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கத்தரித்த நரைமுடி, வெள்ளை மேலங்கி, கழுத்தில் சின்ன சிலுவை. பிலோமினா என்று அப்பா அறிமுகப்படுத்தினார். கடை அவருடையது. சின்ன வயதில் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்குச் சமையல் வேலைக்குப் போய், அவர்களோடு மார்செய் நகரத்துக்குப் போய், அங்கே ஓட்டல் அடுக்களைகளில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். தன் அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பி, அந்த அம்மா போன பிறகு இந்தக் கடையைத் தொடங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதையெல்லாம் அப்பா தலைகுனிந்தபடி ஒரே மூச்சில் சொன்னார். மனப்பாடம் செய்துகொண்டு வந்தது போல இருந்தது.

"மேர்னா பிரெஞ்சுல கடலு. அம்மாவுக்கும் அதேதான் சத்தம். எழுதுறதுலதான் வித்தியாசம்" என்றார் பிலோமினா அக்கா. எதை நினைத்து வைத்தீர்கள் என்று கேட்டேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சுவரில் கரும்பலகை. பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தார்கள். படிக்க முடிந்தது, ஒன்றும் விளங்கவில்லை. ரட்டட்டூய், இருநூற்று எண்பது. சூப் அல்லோன்யோன், முந்நூற்று இருபது. விளமீன் பேர் ப்ளாங், அறுநூற்று ஐம்பது. அப்பா எனக்கு விளக்கினார். முதலாவது கத்தரிக்காயும் தக்காளியும் போட்ட கூட்டு, தேங்காய் கிடையாது. இரண்டாவது வெங்காய சூப். மூன்றாவது மீனுக்கு வெண்ணெய்க் குழம்பு. இழுவைப் படகு ஓட்டியவர் வாயிலிருந்து பேர் ப்ளாங் என்ற சொல் தடங்கல் இல்லாமல் வந்தது. நான் தண்ணீர் குடித்தேன்.

அடுத்து நடந்ததுதான் என்னை முழுக்கக் கலக்கியது. பிலோமினா அக்கா ஒரு வெள்ளை ஒயின் பாட்டிலைக் கொண்டுவந்து அப்பாவின் கிளாசில் கொஞ்சம் ஊற்றினார். நாசிக் பக்கத்து ஒயின். அப்பா கிளாசின் தண்டைப் பிடித்து, மோந்து, ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி வாய்க்குள்ளேயே வைத்திருந்துவிட்டு, தலையை ஆட்டினார். அக்கா என் கிளாசிலும் ஊற்றினார்.

அப்பா குடித்து நான் பார்த்ததில்லை. நான் அலுவலக விருந்துகளில் நாலைந்து தடவை ஒயின் குடித்திருக்கிறேன் என்பது என் கணவருக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. தெரியுமோ, என்னவோ. கிளாசையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

"குடி. மீனுக்கு இதுதான் சேரும்" என்றார்.

நாற்பத்திரண்டு வயதில், அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து, மருந்து குடிப்பவள் மாதிரி ஒரு வாய் குடித்தேன். ஜில்லென்று மாங்காய்ப் புளிப்பு. அது போன பிறகு கொய்யாப்பழ வாசனை. இரண்டாவது வாயைச் சாதாரணமாகவே குடித்தேன்.

ரட்டட்டூய் வந்தது. கத்தரிக்காய் குழைந்தும் போகாமல், வேகாமலும் இல்லாமல் நடுவில் எங்கோ நின்றது. தக்காளியின் இனிப்பும், அந்த ஓமவல்லி மாதிரி இலையின் மணமும். மொறுமொறு ரொட்டியைப் பிய்த்துத் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். சாப்பாடு அவ்வளவு நன்றாக இருந்ததால் நான் கேட்க வந்த கேள்விகள் எல்லாம் பின்னால் போய்க்கொண்டே இருந்தன.

ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. அப்பா உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. இரண்டு தடவை எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டு வந்தார். மூன்றாவது தடவை பிலோமினா அக்காவே கதவருகில் வந்தார். கையில் ஒரு கரண்டி, சொட்டாமல் இருக்க அதற்குக் கீழே இன்னொரு உள்ளங்கை. அப்பா எழுந்து, அவர் கையிலிருந்த கரண்டியிலிருந்தே வாய் வைத்துச் சுவைத்தார். அந்த அம்மா மூச்சுவிடாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஏதோ மெதுவாகச் சொன்னார். அக்காவின் முகம் தெளிந்தது. கதவு மூடிக்கொண்டது.

தேய்த்த சட்டை, விட்ட வெற்றிலை, ஐந்து மணி, பக்கத்து வீட்டு அக்காவின் பார்வை. எல்லாம் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது என்று நினைத்தேன். முதலில் கோபம் வந்தது. அம்மா போய் மூன்று வருடம்தான் ஆகிறது. பிறகு அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டாவது கிளாஸ் காரணமாக இருக்கலாம். அல்லது அப்பாவின் முகம். அம்மா இறந்த பிறகு இவ்வளவு விழிப்பான முகத்தை நான் பார்க்கவில்லை. இதைச் சொல்லத்தான் என்னை இங்கே கூப்பிட்டிருக்கிறார், சொல்ல முடியாமல் தவிக்கிறார், நானே தொடங்கிவிட்டால் அவருக்கு எளிதாக இருக்கும் என்று முடிவுசெய்தேன்.

இதற்குள் எட்டுப் பேர் கொண்ட ஒரு கூட்டம் படியேறி வந்து ஜன்னலோரம் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தது. புதிய துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் அதிகாரிகள். அவர்களில் நாலு பேர் பிரெஞ்சுக்காரர்கள். அப்பா அவர்களைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. அதை நான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மேசைக்கு வெங்காய சூப் வந்தது. மண்கிண்ணத்தில், மேலே உருகிய சீஸ் மூடிக் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா ஒரு கரண்டி எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"அப்பா, உங்களுக்கு ஒரு துணை வேணும்னு தோணிச்சுன்னா எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல. பிலோமினா அக்காவை எனக்குப் பிடிச்சிருக்கு."

அப்பா அந்தக் கரண்டியை ஊதாமல் அப்படியே விழுங்கிவிட்டார்.

கண்ணில் தண்ணீர் வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு துடித்தார். நான் தண்ணீரை நீட்டினேன். அவர் மூன்று டம்ளர் குடித்த பிறகும் நாக்கை வெளியே நீட்டி விசிறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் பிலோமினா அக்கா எங்கள் மேசையருகில் ரொட்டிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கேட்டிருந்தார் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

அவர் கூடையை வைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சொல்ல வேண்டாம் என்று அப்பா கையால் சைகை காட்டினார். அவர் கேட்கவில்லை.

"எனக்கு மணமும் தெரியாது, ருசியும் பாதிதான் தெரியும்மா. கொரோனாவுல போனது, திரும்பி வரல."

தாழ்ந்த குரலில் மிச்சத்தையும் சொன்னார். ஆரம்பத்தில் கைப்பழக்கத்திலேயே சமைத்துச் சமாளித்திருக்கிறார். வந்தவர்கள் எல்லாம் சூப்பர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், ஆனால் திரும்பி வரவில்லை. அடுக்களையில் உதவிக்கு இருக்கும் இரண்டு பெண்களும் எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கு அக்கா என்பார்கள். போன வருடம் ஒரு மழை நாளில் அப்பா ஒதுங்குவதற்காகப் படியேறி வந்து, வந்த தோஷத்துக்கு ஒரு சூப் கேட்டு, இரண்டு கரண்டி குடித்துவிட்டு இதில் உப்பே இல்லையே என்று சொல்லியிருக்கிறார்.

"உண்மையச் சொன்ன ஒரே ஆளு இவுகதான். மறுநாளும் வாங்கன்னு சொன்னேன். வந்தாவ. அன்னைக்கிருந்து இவுக நாக்குலதான் கடை ஓடுது. அதுக்காவ வெத்தலையையும் விட்டுட்டாவ" என்றார் அக்கா.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதா, பாராட்டுவதா, எழுந்து ஓடுவதா? மூன்றில் எதையும் செய்வதற்குள் உள்ளேயிருந்து உதவிப்பெண் எட்டிப் பார்த்து, மீன் பொரிந்துவிட்டது, குழம்பு இறக்கலாமா என்று கேட்டாள். கப்பல்காரர்கள் எட்டுப் பேரும் விளமீன்தான் கேட்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அந்த வெண்ணெய்க் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாலு பேர் அந்த மேசையில் இருந்தார்கள்.

மூவரும் அடுக்களைக்குள் ஓடினோம். அக்கா கரண்டியை நீட்டினார். அப்பா வாயில் வைத்து, கண்ணை மூடி, திறந்து, மறுபடி மூடினார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நாக்கு வெந்துபோயிருந்தது. உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை.

அக்கா சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தக் குழம்பை அடுப்பில் ரொம்ப நேரம் விட முடியாது, வெண்ணெய் பிரிந்துவிடும் என்று உதவிப்பெண் முணுமுணுத்தாள்.

"நீ பாருளா" என்றார் அப்பா.

எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. அப்பா என் தோளைப் பிடித்துச் சட்டியின் முன்னால் நிறுத்தினார். நாக்கு தடித்திருந்ததால் பேச்சு குழறியது. அவசரப்படாதே, வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறு என்றார். முதலில் வெண்ணெய் தெரிய வேண்டும். அது கரையும்போது புளிப்பு வர வேண்டும். உப்பு கடைசியில், வந்ததா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு.

வைத்தேன். வெண்ணெய் வந்தது. காத்திருந்தேன். அக்கா என் முகத்தை அப்படிப் பார்த்தார், ஒரு மணி நேரம் முன்னால் அப்பாவைப் பார்த்த அதே பார்வை. அதை நான் என்னவென்று நினைத்தேன் என்பதை எண்ணி என் காது சூடாயிற்று. மறுபடி ஒரு கரண்டி.

"உப்பு இருக்கு. புளிப்பு வரல" என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

அக்கா அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். மறுபடி. இன்னும் கொஞ்சம் என்றேன். நாலைந்து சொட்டு. மறுபடி வைத்தபோது வெண்ணெய்க்குப் பின்னாலேயே புளிப்பு மெதுவாக எழுந்து வந்தது. போதும் என்றேன். தட்டுகள் வெளியே போயின.

கதவின் வட்டக் கண்ணாடி வழியாக நாங்கள் மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். கப்பல்காரர்கள் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் ஆகா என்றும் சொல்லவில்லை. அப்புறம் அவர்களில் மூத்தவர், தாடிக்காரர், எழுந்து நேராக அடுக்களைக்கு வந்தார். அக்காவிடம் பிரெஞ்சில் நீளமாக என்னவோ சொன்னார். அக்கா தலையாட்டினார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு அக்கா சொன்னார்: "அவுக அம்மா வைக்கிற மாதிரி இல்லையாம். ஆனா சட்டியில மிச்சம் இருந்தா ரொட்டி தொட்டுச் சாப்பிடக் கொடுப்பீங்களான்னு கேக்காரு."

நாங்கள் எங்கள் மேசைக்குத் திரும்பினோம். எனக்கும் விளமீன் வந்தது. மீனைவிட அந்தக் குழம்பையே அதிகம் சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன். கடைசியில் இனிப்புக்கு மக்ரூன் என்றார்கள். கலர் கலராகப் பிரெஞ்சுப் பண்டம் வரும் என்று பார்த்தால், நம்ம ஊர் பேக்கரி மக்ரூன், முந்திரியும் முட்டைவெள்ளையும் போட்ட கூம்பு, தட்டில் இரண்டு வைத்திருந்தார்கள். இதற்கு மேல் ஒன்று மார்செயிலும் கிடையாது என்றார் அக்கா. அப்பாவால் அதைக்கூடச் சுவைக்க முடியவில்லை. இருந்தாலும் இரண்டையும் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடை விடுமுறை. அப்பாவும் நானும் ஸ்கூட்டரில் முயல் தீவுக்குப் போனோம். பெயர்தான் தீவு, ரோடு உண்டு. கடற்கரையில் சுண்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். டிக்கெட் விஷயத்தை அங்கேதான் சொன்னேன். ஒன்றை ரத்து செய்துவிடு என்றார். கடையை விட்டு வர முடியாது என்பதைச் சொல்லத்தான் என்னை அந்த மேசைக்கு வரச் சொன்னாராம். போனில் சொன்னால் தனியாக இருக்கும் கிழவனின் பிடிவாதம் என்று நினைப்பாயே, நேரில் பார்த்தால் புரியும் என்று நினைத்தேன் என்றார். நான் வேறு எதையோ புரிந்துகொண்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அப்பா சுண்டலை ஒவ்வொன்றாகத் தின்றார். நாக்கு இன்னும் சரியாகவில்லை.

"நீ சொன்னத நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல. இனிமே யோசிக்காம இருக்க முடியுமான்னுதான் தெரியல" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. நான் அலைகளைப் பார்த்தேன். தூரத்தில் ஒரு கப்பலை இரண்டு இழுவைப் படகுகள் உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தன. வலது பக்கத்துக்காரன் கயிற்றை அதிகம் தளர விடுகிறான் என்று அப்பா குறை சொன்னார். பேச்சு அத்தோடு வேறு பக்கம் போய்விட்டது. அந்தப் பேச்சை நாங்கள் இன்றுவரை முடிக்கவில்லை. பிலோமினா அக்காவின் மனதில் என்ன என்று எனக்குத் தெரியாது. அவர் பெயரை மட்டும் மாற்றி இதையெல்லாம் எழுதிக்கொள்ள அவரிடம் அனுமதி வாங்கினேன். எழுது, ஆனால் மீன் பெயரை மாற்றாதே என்றார்.

திங்கள் சாயங்காலம் அப்பா வழியனுப்ப வரவில்லை. வரட்டுமா என்று கேட்டார், நான்தான் வேண்டாம், கடைக்குப் போங்கள் என்றேன். எதிர் இருக்கையில் திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டுத் திரும்பும் ஒரு குடும்பம். அந்த அம்மா எனக்கு முறுக்கு கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். ஊருக்கு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அப்பாவைப் பார்க்க என்றேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். ஓய்வு பெற்றுவிட்டார் என்று இந்தக் கேள்விக்கு ஒன்பது வருடமாக நான் சொல்லிவந்த பதில் நுனிநாக்கு வரை வந்து நின்றது.

"வேலைக்குப் போறாங்க" என்றேன்.

இந்த வயதிலா என்று அவர் வருத்தப்பட்டார். ஆமாம் என்றேன். வண்டி கிளம்பியது. மணி ஐந்து தாண்டியிருந்தது, அப்பாவின் ஸ்கூட்டர் பீச் ரோட்டுக்குக் கிளம்பியிருக்கும்.